ஒரு சைஸ் பெரிய பை

குற்றாலத்தில் யாரும் டீயை ஒழுங்காகப் போடுவதில்லை, சார். அருவியில் நனைந்து, பல் கிட்டிக்கொண்டு வருகிறவனுக்கு எதைக் கொடுத்தாலும் ருசிக்கும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். நீங்கள் நனையாமல் ஜீப்பில் வந்துவிட்டீர்கள். அதனால்தான் முகம் அப்படிப் போகிறது. பரவாயில்லை, வைத்துவிடுங்கள். என் மனைவி வேல்விழி கோயிலுக்குப் போயிருக்கிறாள். வந்ததும் நல்ல காப்பியாகப் போடச் சொல்கிறேன். அவள் வருவதற்குள் நான் பேசி முடித்துவிட்டால் நல்லது.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். வீரச்செயலுக்கான பதக்கத்துக்கு என் பெயரை யாரோ பரிந்துரைத்திருக்கிறார்கள். நடந்தது உண்மைதானா என்று விசாரித்து எழுத வேண்டும். உண்மைதான். ஊமத்தங்குளத்துக் கரை உடைந்தது. என் மனைவியின் அண்ணன் மணிமுத்துவை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. நான் போட்டிலிருந்து குதித்தேன். வீடியோ இருக்கிறது. குதிக்கும்போது தொப்பை கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, அது கேமரா கோளாறு. மற்றதெல்லாம் சரி. அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து எழுதிக்கொண்டால் உங்கள் அறிக்கை முழுமையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் முழுப் பெயர் குற்றாலீஸ்வரன். ஊரில் கூப்பிடுவது குத்தாலம். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை என்றால் யூனிபார்ம் போட்டிருப்பான். அப்பா ஏட்டு, பெரியப்பா எஸ்.ஐ., அண்ணன் ராணுவத்தில். நானும் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனேன். கயிறு ஏறுகிற பரீட்சையில் பாதிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, கீழே நின்ற அதிகாரியிடம், "சார், இங்கன இருந்து பாத்தா ஊரு நல்லாத் தெரியுது" என்றேன். மைதானமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் என் பெயரை அடித்தார். அதற்குப் பிறகு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே யூனிபார்ம், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்.

ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. மற்றவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிட்டால் வலி பாதியாகிவிடும். அப்படித்தான் இத்தனை காலம் ஓட்டினேன். கல்யாண வீடு, துக்க வீடு, பஞ்சாயத்து எதுவானாலும் நான் வந்தால்தான் கலகலப்பு. சிரிக்காதவர் என்று ஊரில் ஒரே ஒருவர் இருந்தார், மணிமுத்து. என் மச்சான்.

அவர் சிரிக்க மாட்டார் என்றால் முறைப்பார் என்று நினைக்காதீர்கள். மிகவும் மரியாதையானவர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு ஜோக்கைச் சொல்லி முடிப்பேன். சுற்றி இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் மட்டும் என் முகத்தையே அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்புறம் என்னாச்சு மாப்ளே?" என்பார். அப்புறம் ஒன்றும் ஆகாது, சார். அது ஜோக். அங்கே முடிந்துவிட்டது.

இனி வேல்விழியைப் பற்றி. நல்லவள். அவளிடம் ஒரே ஒரு பழக்கம்தான். எதை ஆரம்பித்தாலும் "எங்க அண்ணன்" என்று ஆரம்பிப்பாள். கல்யாணமான அன்று பால் கொண்டுவந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. "எங்க அண்ணன்தான் சொன்னான், உங்களுக்குச் சூடா குடிச்சா வயித்துக்கு ஆகாதாம்லா" என்றாள். ஆகாதுதான். எனக்கு வருத்தமே அதுதான். அவர் தவறாக ஏதாவது சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். பைக் வாங்கி வாசலில் நிறுத்தினால், "நல்ல வண்டி, எங்க அண்ணனும் இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தான்." மிக்ஸியைப் பிரித்துப்போட்டு நான் முழித்தால், "வைங்க, எங்க அண்ணன் வருவான்." வருவார். வந்து சரிசெய்துவிட்டு, "மாப்ளே முக்காவாசி முடிச்சுட்டாவ, நான் மூடிய மட்டுந்தான் போட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவார். என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்வார். அதையும் அவள் நம்பமாட்டாள். "எங்க அண்ணனுக்குப் பெரிய மனசு" என்பாள்.

எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பெட்பேன் பிடித்தவர் அவர். பெட்பேன் பிடித்தவரோடு பிறகு ஒரு விசேஷ வீட்டில் சமமாக உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனக்குப் பொறாமை கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இளகின மனசு. சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் அழுவதற்கு முன்னால் நான் அழுதுவிடுவேன்.

வேலையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். ஊமத்தங்குளத்தின் மேற்குப் பக்கம் பிச்சுமணி அண்ணாச்சியின் ரிசார்ட் இருக்கிறது. கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற பழைய குடும்பம். இப்போது நீச்சல்குளத்தோடு கட்டிய அறைகளில் வந்து தங்குகிறவர்களுக்கு அவர் மரியாதை கொடுக்கிறார். குளத்தில் விளையாட்டு போட் விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. குளம் விவசாயிகளுடையது. அவர்கள் சங்கத்துக்குத் தலைவர் என் மச்சான். கிழக்குக் கரைக்குக் கீழேதான் அவருடைய வயல், தென்னை, மாட்டுத் தொழு, பம்பு ரூம் எல்லாம். கரை போனால் முதலில் போவது அவருடையது. தினமும் காலையில் அந்தக் கரையில் ஒரு முறை நடந்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

சங்கக் கூட்டத்தில் எல்லாரும் போட் வேண்டாம் என்றார்கள். மச்சான் எழுந்து, "ஓட்டப்போறது எங்க மாப்ளை. அவுகளுக்குக் குளத்தப் பத்தித் தெரியும். நான் பொறுப்பு" என்றார். அவருடைய பொறுப்பில் எனக்கு வேலை கிடைத்தது. கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் வரிசையாக மூங்கில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். "மாப்ளே, கம்புக்கு இந்தப் பக்கம் மட்டும் வந்துராதீய" என்றார். நான் ஒருநாளும் போனதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

போட் கொல்லத்தில் யாரோ பயன்படுத்திய பழைய போட். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது புளியறைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். இதற்குச் சக்கரம் எங்கே என்று ஒருவர் கேட்டார். உள்ளே கேரளாக் கோழி இருக்கிறதா என்று இன்னொருவர் தட்டிப் பார்த்தார். வெளிநாட்டில் வேக்போர்டு என்று ஒரு விளையாட்டு. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, போட்டின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, போட் கிளப்புகிற அலையின்மேல் சறுக்குவது. போட் வந்து ஓடவும் செய்தது. அலைதான் வரவில்லை. அருவியைப் பார்த்துவிட்டு வருகிற ஜனத்துக்கு எங்கள் அலை கண்ணிலேயே படவில்லை. பிச்சுமணி அண்ணாச்சி கரையில் குடையோடு நின்று பார்த்துவிட்டு, "என்னவே குத்தாலம், எருமை தும்மின மாதிரி இருக்கு" என்றார்.

அந்த போட்டுக்கு அலை வருவது வேகத்தால் அல்ல, சார், கனத்தால். பின்பக்கம் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி இடம் இருக்கும். அதற்குள் ரப்பர் துணியில் தைத்த பைகள். ஒரு சின்ன பம்பு குளத்துத் தண்ணீரை உறிஞ்சி அந்தப் பைகளை நிரப்பும். பின்பக்கம் அமுங்கும். அமுங்கிய போட் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும்போது பின்னால் அலை எழும்பும். பை எவ்வளவு பெரிதோ அலையும் அவ்வளவு பெரிது. இதை அண்ணாச்சியிடம் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "தண்ணிக்குள்ள தண்ணிக்கு என்னவே வெயிட்டு?" என்று கேட்டார். பெரிய மனிதர் கேட்கிற கேள்வி. "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, சும்மா ஒரு இதுக்குத்தான்" என்றேன். ஒரு சைஸ் பெரிய பையாக வாங்கிக்கொள்ளச் சொன்னார். கொச்சியில் இருந்த ஆளிடம் நான் அதைவிடவும் பெரியதைச் சொல்லி வரவழைத்தேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாராவது ஒருவர் என் அலையைப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது மட்டும்தான்.

பையை மாற்றுவது சுலபமான வேலை இல்லை. பழைய பைகளைக் காலிசெய்து, மடித்து, பிரசவம் பார்க்கிற மாதிரி பெட்டியின் வாய் வழியாக வெளியே எடுக்க வேண்டும். பெட்டிக்குள் திருகாணி முனை ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, ரப்பர் பாய் விரிக்க வேண்டும். இல்லையென்றால் புதுப் பை உரசிக் கிழியும். புதுப் பையை விரித்து, பம்புக் குழாயைப் பொருத்தி, காற்று போகிற வாயைச் சோதித்து, நிரம்பிய பை திருப்பத்தில் ஒருபக்கமாகச் சாயாமல் இருக்க வார் போட்டுக் கட்ட வேண்டும். நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். என் வாழ்க்கையில் யாரும் வந்து மூடியைப் போட்டுக்கொடுக்காமல், முழுதாக நானே முடித்த வேலை அது ஒன்றுதான்.

முதல் ஓட்டத்திலேயே அலை எழுந்தது. திரும்பிப் பார்த்தேன், எனக்கே நம்ப முடியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு யானை எழுந்து உட்கார்ந்த மாதிரி. அது போட்டோடு நின்றுவிடவில்லை. மெதுவாக அகன்று, மூங்கில் கம்புகளைத் தாண்டி, கிழக்குக் கரையில் போய் மோதியது. கரையின் ஓரத்து மண், தோசையின் ஓரம் பிய்வது போலப் பிய்ந்து தண்ணீருக்குள் போனது.

அன்றைக்கும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அலையைப் பற்றி வேல்விழியிடம் சொல்ல வேண்டும் என்று அவசரமாக வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே, "போட்டுல அலை பெருசா வருதாம்லா, எங்க அண்ணன் சொன்னான்" என்றாள்.

என் அலை, சார். அதுவும் அண்ணன் வழியாகத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அன்றுதான் யோசித்தேன். யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. கரை ஒரு தடவை உடைய வேண்டும், அவ்வளவுதான். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து உடைய வேண்டும். கரையைக் காக்கிறவர் என்று பெயர் எடுத்தவர் ஒரே ஒரு தடவை கரையைக் கோட்டைவிட வேண்டும். ஒரு போகம் நெல் போகும். போனால் அடுத்த போகம் வரும். எனக்கு வேண்டியது நெல் அல்ல. வேல்விழி "எங்க அண்ணன்" என்று ஆரம்பித்துவிட்டு, அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லாமல் ஒரு விநாடி நிறுத்த வேண்டும். அந்த ஒரு விநாடிதான் வேண்டும். ஒரு மனிதன் ஆசைப்படக் கூடாத அளவுக்கு அது பெரிய விஷயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கம்பை நான் தாண்டவில்லை என்று சொன்னேன் அல்லவா. போட்தான் தாண்டவில்லை. அலைக்குக் கம்பு தெரியாது. பழைய மடைக்குப் பக்கத்தில், கல்லும் மண்ணும் சேருகிற ஓர் இடம் இருக்கிறது. எந்தக் கோட்டில் ஓட்டினால் அலை நேராக அங்கே போய் முட்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். சீசன் கூட்டம். சவாரிக்குக் குறைவில்லை. ஒவ்வொரு சவாரியிலும் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கிவிட்டு வந்தது என் அலை. பலகையில் நின்றவர்கள் சந்தோஷமாகக் கூவினார்கள். பிச்சுமணி அண்ணாச்சி முதல்தடவையாக என் தோளில் தட்டினார்.

மச்சான் கவனித்துவிட்டார். கவனிக்காமல் இருப்பாரா. ஒருநாள் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கரை உட்புறம் வளைந்து, ஆள் உட்காருகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"நண்டு வளைதான் மாப்ளே. இந்த வருசம் நண்டு சாஸ்தி."

"நண்டுக்கு என்ன மச்சான், சீசனுக்கு அதுவும் ரூம் போட வந்திருக்கும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரூம் போட்டு?" என்றார்.

பிறகு, தண்ணீர் விஷயம் தெரிந்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டார். என்ன செய்யலாம் மாப்ளே என்று, உண்மையாகவே என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் யோசனை அது. போட்டிலிருந்து கழற்றிய பழைய பைகள் சும்மா கிடக்கின்றன, அவற்றை நிரப்பிக் குழியில் அடுக்கினால் அலை மண்ணைத் தொடாது என்றேன். நானே தூக்கிக்கொண்டு வந்து, தண்ணீரை நிரப்பி, வரிசையாக வைத்துக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது, மெத்தை விரித்த மாதிரி. மண் மூட்டையாக இருந்தால் பிடித்திருக்கும், சார். தண்ணீர்ப் பை தண்ணீரோடு சேர்ந்து மிதக்கும், ஆடும், அடியில் நடப்பதை மறைக்கும். குழி எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பது அதற்குப் பிறகு அவர் கண்ணில் படவே இல்லை.

சங்கக் கூட்டத்தில் எனக்கு நன்றி சொன்னார். மாலையில் வேல்விழி, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்து, "எங்க அண்ணன் உங்களப் பத்தி அவ்வளவு பெருமையாப் பேசுனான்" என்றாள். அன்றைக்கு நிஜமாகவே, பெரிய பைகளைக் கழற்றிவிட்டு ஒழுங்காக மண் மூட்டை போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு எழும்போது அவள் மேற்கொண்டு சொன்னாள். "அவனுக்கு யாரப் பாத்தாலும் நல்லதுதான் தெரியும்."

பைகளை நான் கழற்றவில்லை.

ஆடியில் சாரல் விடவே இல்லை. சிற்றாற்றில் வெள்ளம் வந்து குளம் கரை தொட நின்றது. சிவகிரியில் ஒரு சொந்தக்காரர் இறந்து, பதினாறாம் நாள் காரியம். மச்சானும் அவர் மனைவி வடிவம்மாளும் வேல்விழியும் காலையிலேயே பஸ் ஏறினார்கள். எனக்குச் சவாரி இருக்கிறது என்று நான் போகவில்லை. துக்க வீட்டில் கலகலப்புக் குறையும் என்று வேல்விழி குறைப்பட்டுக்கொண்டாள்.

அவர்கள் போனதும் நான் மச்சானின் தொழுவுக்குப் போனேன். இரண்டு பசு, ஒரு கன்று. அவை என்ன பாவம் செய்தன. அவிழ்த்துக்கொண்டு போய், மேட்டில் இருக்கிற புளியமரத்தடியில் கட்டிவிட்டு, வைக்கோலும் போட்டுவிட்டு வந்தேன். நான் எப்படிப்பட்டவன் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். எழுதிவிட்டீர்களா? வைக்கோல் போட்டதையும் எழுதுங்கள்.

அன்றைக்குச் சவாரிக்கு வந்தவர் ஜெயபிரியா என்று மதுரைப் பெண். வீட்டுக்காரர் ரிசார்ட் கரையில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பைகளை வாய்வரைக்கும் நிரப்பியிருந்தேன். முதல் தடவை பலகையிலிருந்து விழுந்தார். இரண்டாவது தடவையும் விழுந்தார். மூன்றாவது தடவைக்காகப் போட்டைத் திருப்பும்போதுதான் கிழக்குக் கரையில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது.

பிறகுதான் விவரம் தெரிந்தது. பால் கறக்கிறவன் போய்ப் பார்த்துவிட்டு, தொழுவில் மாடுகளைக் காணோம் என்று போன் பண்ணியிருக்கிறான். மச்சான் கடையநல்லூரிலேயே இறங்கி, பெண்களை அனுப்பிவிட்டு, எதிர்ப் பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். என் இளகின மனசுதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

அவர் சரியாக அந்த இடத்தில்தான் நின்றார். பைகள் விலகி, குழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். துக்க வீட்டுக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னைப் பார்த்து ஆட்டினார். நிறுத்துங்கள் என்று அர்த்தம். அது எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஊரும் நம்பும். புரிந்தது.

நானும் கையை ஆட்டினேன்.

பின்னால் தண்ணீரிலிருந்து ஜெயபிரியா, "அண்ணா, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, இந்தத் தடவை நின்னுருவேன்" என்றார். நின்றுவிடுவார் என்று எனக்கும் தோன்றியது. பழகியவனுக்குக் கயிறு இழுக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். பாதியில் விட்டால் பாவம், மனது ஒடிந்துபோவார். மறுபக்கம் துண்டை ஆட்டிக்கொண்டு என் மச்சான். இரண்டு பேரில் ஒருவரை ஏமாற்றித்தான் ஆக வேண்டும். அதுவரைக்கும் யாரும் ஏமாற்றாத ஒருவராக அவர்தான் இருந்தார்.

த்ராட்டில் பிடியைத் தள்ளி வேகத்தைக் கூட்டினேன். ஜெயபிரியா எழுந்து நின்றார். நான் கிளப்பிய அலைகளிலேயே அழகான அலை அது, சார். வீடியோவில் பாருங்கள். அவர் கையைத் தூக்கிக் கூவுவது தெரியும். அந்தக் கூவல் முடிவதற்குள் அலை கரையைத் தொட்டது. வெள்ளை வேட்டி நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

அப்புறம் நடந்தது உங்களிடம் இருக்கிறது. இன்ஜினை அணைத்தேன், குதித்தேன், உடைப்பு வழியாகவே தண்ணீரோடு தோப்புக்குள் போனேன். அதை வீரம் என்கிறார்கள். தண்ணீர் இழுத்தது, போனேன். பம்பு ரூமின் தகரக் கதவு பெயர்ந்து, தென்னைமரத்தோடு சேர்த்து மச்சானை இடுப்பில் அழுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் கழுத்துவரை. நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முதலில் கேட்டது தன்னைப் பற்றி அல்ல.

"மாடு எங்க மாப்ளே?"

"பயப்படாதீய மச்சான். மேட்டுப் புளியமரத்துல கட்டியிருக்கேன். வைக்கோலும் போட்டிருக்கேன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு கேட்டார், "எப்பக் கட்டுனீய?"

"காலையில" என்றேன். அந்த நேரத்தில் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவர் என்னையே பார்த்தார். ஜோக் முடிந்த பிறகு பார்ப்பாரே, அதே பார்வை. அப்புறம் என்னாச்சு மாப்ளே என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சிரித்தார். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றுக்கு அவர் சிரித்தது அதுதான் முதல்தடவை. சிரிப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். வாயில் தண்ணீர் இருந்தது.

அவர் கையை நான் கடைசிவரை விடவில்லை. அது வீடியோவில் தெளிவாகத் தெரியும், தோப்பு வேலிக்கு வெளியே நின்ற ஒருவர் எடுத்தது. இழுக்கவும் இல்லை. அது வீடியோவில் தெரியாது.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பழைய கரை, கனமழை, நண்டு வளை என்று எழுதிக்கொண்டு போனார்கள். நண்டுகள் பாவம், மறுப்புச் சொல்ல யாரும் இல்லை. குளம் வற்றி, போட் சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. அந்தப் பைகள் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன, நிரம்பியபடியே. வார் அவிழவில்லை, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. போய்ப் பாருங்கள், வேலைத்திறம் தெரியும்.

இப்போது வேல்விழி என்னிடம் மிகவும் பிரியமாக இருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. காலையில் என் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். எங்க அண்ணனைக் கடைசியாப் பிடிச்ச கை என்கிறாள். என் கைக்கு என்று இருந்த மரியாதையும் அவர் கணக்கில் போய்விட்டது. முன்பெல்லாம் "எங்க அண்ணன் செய்வான்" என்பாள். செய்கிற மனிதர், என்றாவது ஒருநாள் தவறாகவும் செய்வார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது "எங்க அண்ணன் இருந்திருந்தா" என்கிறாள். இல்லாத மனிதர் இனிமேல் எந்தத் தவறும் செய்ய மாட்டார், சார். நான் அவரை நிரந்தரமாக ஜெயிக்க வைத்துவிட்டேன்.

போன வாரம் பதக்கத்துக்கு என் பெயர் போயிருக்கிறது என்று தகவல் வந்தது. எங்கள் குடும்பத்தில் யூனிபார்ம் போட்டவர்கள் எல்லாருக்கும் பதக்கம் உண்டு. கயிற்றில் தொங்கியவனுக்கு இப்போதுதான் வருகிறது. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டாள். சுவரில் மாலை போட்டிருக்கிற போட்டோவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள், "எங்க அண்ணன்தான் மேல இருந்து உங்களுக்கு வாங்கிக் குடுத்திருக்கான்."

அதனால்தான் உங்களை உட்காரவைத்துச் சொல்கிறேன். மனசாட்சி உறுத்தியது, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் நீங்களாக எழுதிவிட வேண்டாம். நன்றாகத்தான் தூங்குகிறேன். அவர் இறந்ததற்காக அழுதேன், இப்போதும் அழுவேன், அது தனி.

கேட் சத்தம் கேட்கிறது, அவள் வந்துவிட்டாள். நீங்களே சொல்லிவிடுங்கள், சார். நான் சொன்னால் ஜோக் என்று நினைப்பாள். நீங்கள் சொல்லும்போதும், எங்க அண்ணன் அன்னைக்கே சொன்னான் என்று ஏதாவது ஆரம்பிப்பாள். ஆரம்பித்தால் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு அழுத்தமாகச் சொல்லுங்கள். இது முழுக்க உங்கள் வீட்டுக்காரர் தனியாகச் செய்தது, இதில் உங்கள் அண்ணன் உதவி எதுவும் இல்லை என்று.